நடக்க முடியாத பையன் வீட்டுக்கு ஊசி போனது நியாயமா?

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. 2021 ஜூலையில் அவர் தெருவில் தசைச்சிதைவு நோயுள்ள 22 வயதுப் பையன் ஒருவனுக்கு, செவிலியர் வீட்டுக்கே வந்து கொரோனா தடுப்பூசி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதே மாதம் இவருடைய அப்பா, 58 வயது, சர்க்கரை நோயும் உண்டு, மூன்று நாள் விடியற்காலையில் போய் நின்று டோக்கன் கிடைக்காமல் திரும்பியிருக்கிறார். "ஊசி குறைவாக இருக்கும்போது முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதானே சமம்? மாற்றுத்திறனாளி என்று ஒருவருக்கு முன்னுரிமை கொடுத்தால், இன்னொருவர் பங்கை எடுத்துக் கொடுப்பதாகத்தானே ஆகும்?" என்று கேட்கிறார். கோபமாகக் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் மனதில் உறுத்துகிறது என்கிறார். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி, எனக்கு வலது கால் போலியோ. உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்தில் 1973-ல் பிறந்தேன். இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் கால் துவண்டுவிட்டது என்று அம்மா சொல்வார். போலியோவுக்குத் தடுப்பூசி 1955-லேயே வந்துவிட்டது. வாயில் விடும் சொட்டு மருந்து 1960-களின் தொடக்கத்தில் வந்தது. நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்குமான தடுப்பூசித் திட்டம் 1978-ல்தான் தொடங்கியது. போலியோ சொட்டு மருந்து அதில் சேர்ந்தது அடுத்த ஆண்டு. அதாவது என் கால் போனபோது மருந்து உலகத்தில் இருந்தது, எங்கள் ஊர் வரைக்கும் வரவில்லை. என் வயதுக்காரர்களில் காலிப்பர் (காலைத் தாங்கும் கட்டுக் கருவி) போட்டு நடப்பவர்கள், மூன்று சக்கர வண்டியில் வருபவர்கள், கையை ஊன்றித் தவழ்பவர்கள், இவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், இதே கதையைத்தான் சொல்வார்கள். எனக்குப் பின்னால் பிறந்த குழந்தைகளுக்கு அந்த மருந்து வீடு வீடாக வந்தது. வாசல் கதவில் சாக்பீஸால் குறி போட்டு, பேருந்து நிலையத்திலும் ரயிலிலும் தேடிப் பிடித்துச் சொட்டு விட்டார்கள். 2011 ஜனவரி 13-க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. மருந்து மனிதரைத் தேடிப் போனால் என்ன நடக்கும், போகாவிட்டால் என்ன நடக்கும், இரண்டுக்கும் சாட்சி எங்கள் தலைமுறை.

சரி, "முதலில் வந்தவருக்கு முதலில்" என்பதற்கு வருகிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் வருவது யார்? வர முடிந்தவர்.

2021 ஜூனில் நான் மதுரை நகரில் ஒரு மையத்துக்குப் போனேன். பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். காலை ஆறு மணிக்கு டோக்கன் என்றார்கள். என் ஊரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாது என்பதால் முந்தைய இரவே வந்து உறவினர் வீட்டில் தங்கினேன். டோக்கன் கிடைத்தது. ஊசி போடுவது மாடியில். கைப்பிடியில்லாத படிக்கட்டு. காலிப்பரோடு ஏறலாம், ஆனால் மேலேயும் கீழேயும் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும்போது ஏற முடியாது. யாராவது லேசாக இடித்தால் உருண்டுவிடுவேன். கீழே வந்து போட முடியுமா என்று கேட்டேன். மருந்து மேலேதான் இருக்கிறது என்று பதில் வந்தது. என் டோக்கனை வரிசையில் நின்ற ஒரு கொத்தனாருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். என்னுடன் வந்த நண்பருக்குக் காது கேட்காது. ஒலிபெருக்கியில் எண்ணைக் கூப்பிட்டால் அவருக்குத் தெரியாது, எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்ததால் உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தோளைத் தட்டி விட்டதால் அவருக்குக் கிடைத்தது.

அதற்கு முந்தைய மாதம் இதைவிட மோசம். 2021 மே 1-ம் தேதி 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று திறந்தார்கள். 45 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கோவின் இணையதளத்தில் நேரம் பிடித்தால்தான் ஊசி. திறந்த சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடும். அதற்குள் கைபேசிக்கு ஓடிபி வர வேண்டும், அதைத் தட்ட வேண்டும், கோணல்மாணல் எழுத்தைப் படித்து கேப்ட்சா அடிக்க வேண்டும். கண் தெரியாதவர், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துத்தான் கைபேசியைப் பயன்படுத்துகிறார். அந்தக் கோணல் எழுத்தைத் திரைவாசிப்பானால் வாசிக்க முடியாது. மே 24 அன்று அரசு மையங்களில் நேரிலும் பதியலாம் என்று மாற்றினார்கள். மே 31 அன்று உச்ச நீதிமன்றம், இணைய வசதி இல்லாதவர்களையும் பார்வையற்றவர்களையும் இந்த ஏற்பாடு எப்படி வெளியே நிறுத்துகிறது என்று ஒன்றிய அரசைக் கேட்டது. அதுவரைக்கும் "முதலில் வந்தவருக்கு முதலில்" என்றால் வேகமான விரல், நல்ல கண், நல்ல சிக்னல் உள்ளவருக்கு முதலில் என்றுதான் பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஜூலையில் தனியார் மருத்துவமனைகளுக்கு நாலில் ஒரு பங்கு ஊசி ஒதுக்கப்பட்டிருந்தது. கோவிஷீல்டு ஒரு ஊசி 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய் வரை. கொடுக்க முடிந்தவர்கள் விடியற்காலை வரிசை இல்லாமல் போட்டுக்கொண்டார்கள். அதுவும் ஒரு முன்னுரிமைதான். உங்கள் அப்பாவுக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் தேடினால் அந்தப் பக்கமும் பாருங்கள். பையன் வீட்டுக்குப் போனது ஒரே ஒரு ஊசி, அரை மில்லி.

எண்ணிக்கையையும் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம். மொத்த மக்கள்தொகை 7.2 கோடி. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. கணக்கெடுப்பு குறைத்தே காட்டுகிறது என்பது என் எண்ணம். இரட்டிப்பாக்கினாலும் நூற்றுக்கு நாலு பேருக்குள்தான் வரும். அத்தனை பேருக்கும் முதல் நாளே போட்டிருந்தாலும் மற்றவர்களின் வரிசை சில நாள் தள்ளியிருக்கும், அவ்வளவுதான்.

இனி, அந்தப் பையனுக்கு ஏன் முதலில் என்பது. இங்கே இரண்டு விஷயங்களை நாம் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, யாருக்கு உயிராபத்து அதிகமோ அவருக்கு முன்னால் கொடுப்பது. மற்றொன்று, முன்னாலோ பின்னாலோ, அவர் முறை வரும்போது அவருக்கு எட்டும்படி கொடுப்பது. முதலாவது மருத்துவம் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. இரண்டாவதில் முடிவு செய்ய எதுவும் இல்லை, செய்தே ஆக வேண்டும்.

முதலாவதில் நான் எல்லா மாற்றுத்திறனாளிகளுக்காகவும் வாதாட மாட்டேன். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கால் மெலிந்திருக்கிறது; நுரையீரல் நன்றாக இருக்கிறது. எழுபது வயதுப் பெரியவருக்கு முன்னால் எனக்கு ஊசி வேண்டும் என்று கேட்பது சரியில்லை. ஆனால் தசைச்சிதைவு நோயில் மூச்சுத் தசைகளும் பலவீனமாகின்றன. சாதாரணச் சளியையே இருமி வெளியேற்ற முடியாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் அப்படித்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்கள் கொரோனாவால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு என்று 2020-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில் அந்த ஆண்டு ஜனவரி முதல் நவம்பர் வரை கொரோனாவால் இறந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஏதாவது ஒரு குறைபாடு உள்ளவர்கள் என்று அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் சொன்னது. முதியவர்களும் அதில் நிறைய உண்டு. ஆனாலும் வயதைக் கழித்துப் பார்த்த பிறகும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. 2021 பிப்ரவரியில் அங்கே அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் பதிவேட்டில் இருக்கும் எல்லோரையும் முன்னுரிமையில் சேர்த்தார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வயதை மட்டும் பார்த்துக் கொடுக்கப் போகிறோம் என்று அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் எதிர்த்த பிறகு, மார்ச் 15 முதல் கடுமையான குறைபாடுள்ளவர்களையும் சேர்த்தார்கள்.

நம் நாட்டிலும் பட்டியல் இருந்தது. 2021 மார்ச் 1-ல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களோடு, 20 வகை உடல்நலப் பிரச்சினை உள்ளவர்களையும் சேர்த்தார்கள். அதில் அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, செவியும் பார்வையும் சேர்ந்து இல்லாத நிலை, அதிக உதவி தேவைப்படும் குறைபாடு எல்லாம் இருந்தன. படித்தபோது சந்தோஷப்பட்டேன். பிறகுதான் பக்கத்தில் இருந்த வரியைக் கவனித்தேன்: 45 முதல் 59 வயது வரை. தசைச்சிதைவில் அதிகம் காணப்படுவது டுஷேன் வகை. அந்தப் பிள்ளைகள் நல்ல கவனிப்பு கிடைத்தாலும் முப்பதுகளைத் தாண்டுவது கஷ்டம். 45 வயதில் அவர்களுக்கு முன்னுரிமை என்று எழுதியவர்கள் அந்த நோயுள்ள ஒரு வீட்டுக்குள்ளாவது போயிருப்பார்களா என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை. உங்கள் தெருப் பையனுக்கு மார்ச்சில் கிடைத்திருக்க வேண்டிய ஊசி ஜூலையில் கிடைத்திருக்கிறது. அவன் முந்திக்கொள்ளவில்லை தம்பி, நான்கு மாதம் பிந்தித்தான் வாங்கியிருக்கிறான்.

தாய்மாரைப் பற்றியும் யாரும் யோசிக்கவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கு ஊசியே கிடையாது. கடைசி வரைக்கும் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நம் திட்டத்தில் வரவே இல்லை. அந்தப் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் புரட்டிப் படுக்க வைக்கும் அம்மாவுக்கு 32 வயது இருக்கும். அவருக்கு ஊசி போடுவதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஆளில்லை. பிரிட்டனில் இப்படிப் பராமரிப்பவர்களையும் முன்னுரிமையில் வைத்தார்கள். இங்கே மே வரைக்கும் அவர் வரிசையிலேயே இல்லை. என்னைக் கேட்டால், அந்த ஆண்டில் நடந்த பெரிய தவறு இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 25-ம் பிரிவு, மருத்துவமனைகளில் தடையில்லாமல் வந்துபோகும் வசதி வேண்டும் என்கிறது. கவனிப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை வேண்டும் என்று அதே பிரிவில் தனியாகவே எழுதியிருக்கிறது. 8-ம் பிரிவு, பேரிடர், நெருக்கடி காலங்களில் மற்றவர்களுக்குச் சமமான பாதுகாப்பு. 3-ம் பிரிவு, ஒவ்வொருவர் நிலைக்கும் ஏற்ற நியாயமான வசதியைச் செய்து தர வேண்டியது அரசின் பொறுப்பு என்கிறது. இதற்கெல்லாம் முன்பே, 2007-ல், ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே செவிலியர் அந்த வீட்டுக்குப் போனது யாரோ இரக்கப்பட்டுச் செய்த காரியம் இல்லை. மாடியிலிருந்து ஒரு ஊசியைக் கீழே கொண்டு வர மறுத்தார்களே, அதுதான் சட்டத்துக்கு விரோதம்.

"வீடு வீடாகப் போனால் மருந்து வீணாகும்" என்று அப்போது சொன்னார்கள். இதில் பாதி உண்மை. கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். போட்ட பிறகு அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஒரே ஒருவருக்காக மேலூரிலிருந்து கொட்டாம்பட்டிக்குக் குப்பியைத் தூக்கிக்கொண்டு போனால் ஒன்பது பேர் மருந்து போகும். ஆனால் எந்தக் கிராமச் செவிலியரும் அப்படிப் போக மாட்டார். நடக்க முடியாதவர் வீட்டில் அவருடைய அம்மா, அப்பா, அக்கா இருப்பார்கள்; பக்கத்துத் தெருவில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருப்பார்; எதிர் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருப்பார். முதல் நாள் பேர் எழுதி, மறுநாள் பத்துப் பேரைச் சேர்த்து, ஐஸ் பெட்டியோடு ஒரு ஆட்டோவில் போனால் ஒரு சொட்டும் வீணாகாது. உங்கள் தெருவுக்கு வந்த செவிலியர் அந்தக் குப்பியின் மிச்ச மருந்தை எங்கே போட்டார் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே தெருவில்தான் நாலைந்து பேருக்குப் போட்டிருப்பார்.

பேர் எழுதுவதுகூடப் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். நம் மாநிலத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடுள்ளவர்கள், தசைச்சிதைவு உள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் இவர்களுக்கெல்லாம் மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை போகிறது. அன்றைக்கு 1,500 ரூபாய், 2023-லிருந்து 2,000. பெயர், முகவரி, குறைபாட்டின் வகை, வங்கிக் கணக்கு எல்லாம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருக்கிறது. எங்கே யார் படுத்திருக்கிறார் என்று அரசுக்குத் தெரியும். அந்தப் பட்டியலைப் பிரித்து ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்பியிருந்தால் ஏப்ரலிலேயே முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் மே மாதம் 18 முதல் 44 வயதுக்குள் முன்னுரிமை பெறுவோர் பட்டியலில் எல்லா மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். பல மாநிலங்கள் செய்யாத நல்ல காரியம் அது. மே கடைசியில் ஒன்றிய அரசு, சமுதாயக் கூடம், ஊராட்சி அலுவலகம் போன்ற இடங்களில் வீட்டருகே மையம் வைக்கலாம் என்றது. மும்பையில் உயர் நீதிமன்றம் விடாமல் கேட்டதால் ஜூலை இறுதியில் மாநகராட்சி படுக்கையில் இருப்பவர்களைத் தேடிப் போகத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் வீட்டிலேயே போடலாம் என்ற அறிவிப்பு செப்டம்பர் 23-ல்தான் வந்தது. இரண்டாவது அலை அடித்து ஓய்ந்த பிறகு.

மதுரைக்காரர்களுக்கு இது புதுப் பாடமும் கிடையாது. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தால் கைவிரல்கள் எல்லாம் கோணிப்போயிருந்தன. அந்தக் கைக்கு ஏற்றபடி கருவியைப் பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை செய்தார். சட்டம் இன்றைக்கு நியாயமான வசதி என்கிறதே, அதை இந்த ஊர் அப்போதே பார்த்துவிட்டது. அந்த மருத்துவமனை கிராம முகாம்களில் கற்றுக்கொண்ட ஒன்று எனக்கு இன்னும் முக்கியம். அறுவை இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பஸ் காசு, போகிற இடத்தில் சாப்பாடு, துணைக்கு வர ஒரு ஆள், இவை இல்லாமல் கண் தெரியாத ஒரு கிழவி உசிலம்பட்டியிலிருந்து எப்படி அண்ணா நகருக்கு வருவாள்? முகாமிலிருந்தே வண்டியில் ஏற்றி, சாப்பாடு போட்டு, அறுவை முடித்து ஊரில் கொண்டு வந்து விட்டபோதுதான் கூட்டம் வந்தது. இலவசம் என்று போர்டு வைப்பதற்கும் ஒருவருக்குக் கிடைப்பதற்கும் நடுவில் எத்தனை மைல் இருக்கிறது என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். 2021-ல் மையம் நடத்தியவர்கள் போடவில்லை.

இப்போது உங்கள் அப்பா. அவருக்கு மூன்று முறை நடந்தது அநியாயம்தான், அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அவருக்கு என்ன தேவைப்பட்டது என்று யோசியுங்கள். முதல் நாளே போனில் டோக்கன். சர்க்கரைக்காரர் வெறும் வயிற்றோடு நாலு மணி நேரம் நிற்காமல் உட்கார ஒரு நாற்காலி. இன்றைக்கு எத்தனை ஊசி வந்திருக்கிறது என்று வாசலில் ஒரு கரும்பலகை. மாற்றுத்திறனாளிகள் நாங்கள் மனு எழுதிக் கேட்டதும் இவைதான். சாய்தளம் மட்டும் எங்களுக்குக் கூடுதல்; அதிலும் பாதி நேரம் முழங்கால் வலிக்காரர்கள்தான் ஏறிப் போகிறார்கள். உங்கள் அப்பாவும் அந்தப் பையனும் ஒரே பக்கத்தில் நின்றவர்கள்.

இன்னொரு நோய் வரும்போது மறுபடியும் முதல் மாதங்களில் மருந்து குறைவாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் செய்து வைக்க வேண்டிய வேலை இருக்கிறது. அந்தப் பையனுக்கு யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) வந்துவிட்டதா என்று கேளுங்கள். நிறைய வீடுகளில் பழைய அடையாளப் புத்தகத்தோடு நிறுத்திவிட்டார்கள். உங்கள் அப்பாவின் சர்க்கரை நோய் மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் ஏறியிருக்கிறதா பாருங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டில் தருகிறார்கள். அப்புறம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள் யார் யார் என்று தெருவாரியாக ஒரு பட்டியல் வைக்கச் சொல்லி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுங்கள். மாற்றுத்திறனாளியின் பெயருக்கு எதிரே அவரைப் பார்த்துக்கொள்பவரின் பெயரும் இருக்க வேண்டும் என்று மறக்காமல் எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பையனின் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். இரண்டு வீட்டுக் கையெழுத்தும் ஒரே மனுவில் இருக்கட்டும்.